அடித்துவிட்ட ஐந்தாவது வரி

எங்கள் லேபில் அக்காவுக்குத் 'திருப்பி' என்று பெயர். வைத்தது நான். டாக்டர் எழுதிய சீட்டில் ஏதாவது கோளாறு கண்டால், சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கையோடு திருப்பி அனுப்பிவிடுவார். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. என்ன சொல்வாரோ என்று நான் பயந்துகொண்டிருக்க, மறுநாள் அவரே டெலிபோனை எடுத்து, "லேப், திருப்பி பேசறேன்" என்றார்.

மருத்துவமனையின் தரைத்தளத்தில் எக்ஸ்ரே அறையைத் தாண்டிக் கடைசியில் எங்கள் லேப். முன்னால் கண்ணாடிச் சன்னல், அதற்குள் அக்கா. அவருக்குப் பின்னால் ஒரு பச்சைத் திரை, திரைக்கு அந்தப் பக்கம் ரத்தம் எடுக்கிற நாற்காலி, இயந்திரங்கள், நான். சீட்டு அக்கா கையைத் தாண்டித்தான் என்னிடம் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பார். எண்பத்திரண்டு வயதுக் கிழவருக்கு எட்டு வயது, பிப்ரவரி முப்பதாம் தேதி, ஒருவர் பெயரில் இன்னொருவர் நம்பர் என்று எதுவும் தப்பாது. பதினெட்டு வருஷத்தில் அவர் அடித்த கோடு தப்பு என்று ஒரு டாக்டரும் வந்து நின்றதில்லை. அதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல, அதை மறைக்கவும் மாட்டார்.

அவருடைய சாதனைகளுக்கு ஒரு கோப்பு உண்டு. திருப்பி அனுப்பும் சீட்டை அனுப்புவதற்கு முன்னால் ஒரு நகல் எடுத்து அதில் குத்திவைப்பார். அட்டையில் 'சிரிப்பு' என்று எழுதியிருக்கும். வேலைக்குப் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் நாள் டீயோடு அந்தக் கோப்பும் வரும். முதல் பக்கத்திலேயே லாரிக்காரர் சீட்டு. முப்பது வயது இருக்கும் ஆள். அவர் சீட்டில் ரத்தத்தில் கர்ப்பம் பார்க்கிற ஹார்மோன் டெஸ்ட் எழுதியிருந்தது. அக்கா சன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏங்க, உங்களுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்டாராம். வரிசையில் நின்ற இருபது பேரும் சிரிக்க, அந்த மனிதர் காதெல்லாம் சிவந்து, கோடு போட்ட சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். நான் சேர்ந்தது அதற்கு அடுத்த மாதம். கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

அக்காவுக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம். சன்னலில் இருந்தபடியே ஒரு பாதம் தரையைத் தட்டிக்கொண்டிருக்கும், மறு பாதம் எழுந்திருக்கத் தயாராக இருக்கும். அதனால்தான் அவர் அரை மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போக ஆரம்பித்தபோது எங்களுக்கு அது ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒரு நாள் அவரே திரையை விலக்கிக்கொண்டு வந்து, "எரியுதுடி. நேத்து துடைச்ச பேப்பர்ல லேசா ரத்தம் வேற" என்றார்.

"மாதவிடாய் நின்னு ரெண்டு வருஷம் ஆச்சுன்னு சொன்னீங்களேக்கா?"

"அதுக்கு என்னை விட்டுப் போக மனசில்ல போல. வா, யூரின் பாரு."

பார்த்தேன். சிவப்பணுக்கள் நிறைய இருந்தன. கிருமி இல்லை. பணியில் இருந்த டாக்டர் கிருமித் தொற்றாக இருக்கும் என்று ஐந்து நாளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எரிச்சல் குறைந்தது போல இருந்து மறுபடி வந்தது. திரும்பப் பார்த்தேன், திரும்பவும் ரத்தம் இருந்தது, கிருமி இல்லை. மறுபடி மாத்திரை. நாலு மாதத்தில் மூன்று தடவை இதே கதை நடந்தது. கிருமி இல்லாத தொற்றுக்கு மூன்று தடவை மருந்து சாப்பிடுகிறாரே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் அக்காவிடம் போய் 'இது தப்பு' என்று சொல்கிற தைரியம் அந்தக் கட்டடத்தில் யாருக்கு இருந்தது?

"மூத்திரம் நேரா வர மாட்டேங்குது. ரெண்டாப் பிரிஞ்சு போகுது" என்று அவர் சொன்ன பிறகுதான் நான் பிடிவாதம் பிடித்தேன். இரண்டாவது மாடியில் சிறுநீரகப் பிரிவுக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்திருந்தார். குள்ளமான உருவம், வேக நடை, கோழி கிளறியது போல எழுத்து. அந்த எழுத்துக்காகவே அக்காவுக்கு அவரைப் பிடிக்காது. இருந்தாலும் போனார். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, சிறுநீர் வெளியே வரும் வாயின் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஏதோ தட்டுப்படுகிறது என்று சொல்லி, ஐந்து டெஸ்ட் எழுதி, முடிவுகளோடு வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.

அக்கா தன் சீட்டைத் தானே கொண்டுவந்து, தன் நாற்காலியில் தானே உட்கார்ந்து பதிவு செய்தார். திடீரென்று ஒரு சிரிப்பு கேட்டது.

"ஏய், இங்க வாடி! இந்தம்மா கண்ணைத் திறந்து எழுத மாட்டாங்க போல. ஐஞ்சாவது என்னன்னு பாரு!"

பி.எஸ்.ஏ. என்று எழுதியிருந்தது. புராஸ்டேட் சுரப்பிக்குப் பார்க்கிற டெஸ்ட். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி என்று அக்காவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நடந்துபோகிற எல்லாருக்கும் தெரியும். அக்கா சிவப்புப் பேனாவைத் திறந்து, மிகவும் ரசித்து, நிதானமாக ஒரு கோடு இழுத்தார். நகல் எடுத்துக் கோப்பில் குத்தினார். தன் சீட்டே தன் கோப்பில் ஏறியதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வாரம் முழுக்க நான் காலையில் வந்ததும், "புராஸ்டேட் எப்படி இருக்குக்கா?" என்று கேட்பேன். "சௌக்கியம், உன்னைத்தான் விசாரிச்சுது" என்பார். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மற்ற நாலு ரத்த டெஸ்ட்டும் நான்தான் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தன. வியாழக்கிழமை அவர் இரண்டாவது மாடிக்குப் போகவில்லை.

"எதுக்குப் போகணும்? நாலும் நார்மல். ஐஞ்சாவது எனக்குக் கிடையாது. ரிப்போர்ட் படிக்கத் தெரியாதவங்கதான் டாக்டர்கிட்ட போய்க் காட்டணும்."

வேறு எந்த வேலையில் இருக்கிறவரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார். டாக்டர் வரச் சொன்னால் போயிருப்பார். லேபில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவருக்குத்தான் இப்படித் தோன்றும். ரத்தம் மட்டும் நிற்கவில்லை. மதியச் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவார், திரும்பி வந்து உட்காராமலே சாப்பிடுவார். இப்படி ஆறு வாரம் போனது.

ஏழாவது வாரம் ஒரு காலையில் டாக்டரம்மா கீழே இறங்கி வந்தார். சன்னலுக்கு வெளியே கூட்டம். அக்கா முகக்கவசம் போட்டிருந்தார்.

"நான் அனுப்பின ஒரு பேஷண்ட் திரும்பி வரவே இல்லம்மா. ரிசல்ட்டைப் பாத்தா நாலுதான் இருக்கு. ஐஞ்சாவது டெஸ்ட்டை யாரோ அடிச்சிருக்காங்க. அது யாருன்னு தெரியணும், அந்தப் பேஷண்ட்டோட போன் நம்பரும் வேணும். அவசரம்" என்று சீட்டு எண்ணைச் சொன்னார்.

அக்கா கம்ப்யூட்டரில் தேட வேண்டியிருக்கவில்லை. முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

"ரெண்டு பேரும் நான்தான் டாக்டர்."

வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா சட்டென்று உள்ளே வந்து, திரையை இழுத்து மூடிவிட்டு, ரத்தம் எடுக்கிற நாற்காலியில் அக்காவை உட்காரவைத்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் மேசையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் படம் போட்டார்.

"மூத்திரம் வெளிய வர்ற வாசல்ல, ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு சுரப்பி இருக்கு. எல்லாப் பெண்களுக்கும் உண்டு, பல பேருக்குக் கண்ணுக்கே தெரியாது. கருவில இருக்கும்போது எந்தத் திசு ஆணுக்குப் புராஸ்டேட்டா வளருதோ, அதே திசுதான் நமக்கு இந்தச் சுரப்பியா ஆகுது. அதனால பி.எஸ்.ஏ.ங்கிற அந்தப் புரதத்தை இதுவும் சுரக்கும். சாதாரணமா ரத்தத்துல பாத்தா இருக்கிற இடமே தெரியாது. உங்களுக்குக் கட்டி தட்டுப்பட்ட இடம் சரியா அந்த இடம். அதனாலதான் எழுதினேன்."

"கேன்சரா?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இந்த டெஸ்ட்டோட நம்பரை மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது, சதையை எடுத்துப் பாக்கணும். ரொம்ப அபூர்வம்மா. நான் புத்தகத்துல படிச்சதோட சரி. ஆனா கிருமி இல்லாம மூணு தடவ ரத்தம் வந்திருக்கு. உங்க ரிப்போர்ட்டை நீங்களே படிச்சிருப்பீங்களே, அதைப் படிக்கலையா?"

அக்கா முகத்தில் ஈயாடவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மூன்று ரிப்போர்ட்டிலும் கையெழுத்து என்னுடையது.

ரத்தம் எடுத்தேன். பதிவு செய்யப் போனால் கம்ப்யூட்டர் மறுத்தது. பாலினம் பெண் என்று இருந்தால் பி.எஸ்.ஏ. திறக்காது. அப்படி ஒரு பூட்டைப் போடச் சொல்லி, கம்ப்யூட்டர்காரரை ஒரு மாதம் விரட்டி விரட்டி வேலை வாங்கியவர் அக்காதான். இப்போது அந்தக் கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டால் வர நாலு நாள் ஆகும்.

"தள்ளு" என்றார் அக்கா. என் கையிலிருந்து மவுஸை வாங்கினார். தன் பெயருக்கு எதிரே இருந்த 'பெண்'ணை அழித்துவிட்டு 'ஆண்' என்று மாற்றினார். தெரிந்தே ஒரு தப்புச் சீட்டை அவர் பதிந்தது அன்றைக்கு ஒரு நாள்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இயந்திரத்துக்குப் பதினெட்டு நிமிஷம் வேண்டும். அதை அவசரப்படுத்த முடியாது. அக்கா குட்டி போட்ட பூனை மாதிரி எக்ஸ்ரே அறை வரைக்கும் போனார், வந்தார், மறுபடி போனார். நடுவில் சன்னலுக்கு வந்து இரண்டு சீட்டை வாங்கிப் பதிந்தார், இரண்டிலும் பிழை விட்டார், நான் திருத்தினேன். இயந்திரத்தின் திரையில் எண் வந்தபோது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். இருபத்திரண்டு புள்ளி நாலு. ஆண்களுக்கே நாலைத் தாண்டினால் யோசிப்பார்கள்.

"திரும்பப் போடு" என்றார். போட்டேன். இன்னும் பதினெட்டு நிமிஷம். இருபத்திரண்டு புள்ளி ஆறு.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது, அக்காவுக்கு மட்டும் நத்தையாக ஊர்ந்தது. சதைத் துண்டை எடுத்து அனுப்பினார்கள். அந்தச் சுரப்பியிலேயே தொடங்கிய புற்று என்று முடிவு வந்தது. பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள். ஆறு வாரம் சும்மா விட்டோமே, அதற்குள் எங்கெல்லாம் போயிருக்குமோ என்பதுதான் எல்லார் மனதிலும் இருந்தது. வாயைத் திறந்து சொன்னது அவர் கணவர் மட்டும். அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அக்கா எவ்வளவு பறப்பாரோ அவர் அவ்வளவு நிதானம். சன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் கேட்டார்: "அவ்வளவு சின்னச் சுரப்பியாம்மா? ஊசிமுனை ஓட்டை இருந்தா போதும், ஃபிரிட்ஜ்ல இருக்கிற மொத்த கேஸும் போயிடும். வெளியில பாத்தா ஒண்ணும் தெரியாது. எத்தனை நாளா போயிட்டிருக்குங்கறதுதான் கேள்வி." பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன், அதை ஆறவிட்டார்.

ஸ்கேன் முடிவைச் சொல்ல டாக்டரம்மா கூப்பிட்டபோது அக்கா கணவரோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அங்கேயும் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேற எங்கயும் பரவல. நிணநீர் முடிச்சுலயும் இல்ல. கட்டியோட சேத்து மூத்திரம் வர்ற வழியில கொஞ்சத்தையும் எடுக்கணும். அப்பறம் கதிர்வீச்சு. அந்த நம்பர் இறங்குதான்னு பாத்துக்கிட்டே இருப்போம். உங்க விஷயத்துல அது நமக்கு ஒரு காவல்காரன் மாதிரி."

அக்காவின் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். அவர் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். ஆம்பளைக்கு கர்ப்ப ஹார்மோன் டெஸ்ட் எழுதுவாங்களா?"

"எழுதுவோமே. விதைப்பையில கட்டி இருந்தா முதல்ல அதைத்தான் பாப்போம். சில கேன்சர்ல அது ஏறும். ஏன்?"

இப்போது நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பாடம் எனக்குப் படிப்பில் வந்தது. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். லாரிக்காரர் கதையை அக்கா சொன்ன முதல் நாளே எனக்குள் ஏதோ ஒன்று நிமிண்டியது. புதிதாகச் சேர்ந்தவள், எல்லாரும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துவைத்தேன். அக்கா படிக்காமல் செய்தார், நான் படித்துவிட்டுச் செய்தேன்.

கீழே வந்ததும் அக்கா 'சிரிப்பு' கோப்பைத் திறந்தார். பிறகொரு நாள் டாக்டரம்மா அதை முழுக்கப் புரட்டிப் பார்த்து, அந்த இரண்டைத் தவிர மற்றவையெல்லாம் நிஜமாகவே தப்பாக எழுதிய சீட்டுதான் என்று சொன்னார். அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது. தெரிந்ததெல்லாம் முதல் பக்கம் மட்டும். சீட்டின் மூலையில் லாரிக்காரரின் போன் நம்பர் இருந்தது. தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது.

மூன்று நாள் அந்த நம்பரை வைத்துக்கொண்டு அலைந்தார். தன் நோயைப் பற்றி அவ்வளவு அலைந்து நான் பார்க்கவில்லை. போனை எடுப்பார், வைப்பார். "செத்துப்போயிருந்தா?" என்பார். "அவங்க வீட்டுல யாராவது எடுத்தா நான் என்னன்னு சொல்றது?" ஒருமுறை பாதி நம்பரை அழுத்திவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். ஆபரேஷனுக்கு முந்தின நாள் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில், கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டார். தனியாகக் கேட்கத் தைரியம் இல்லை என்று அவரே சொன்னார்.

ஏழு தடவை மணி அடித்தது. "ஹலோ, யாரு?" ஆண் குரல். பின்னால் வண்டிகளின் இரைச்சல்.

நான் அக்காவை முழங்கையால் இடித்தேன்.

"நான்... ஆஸ்பத்திரி லேப்ல இருந்து பேசறேன். மூணு வருஷம் முன்னாடி உங்க சீட்டுல ஒரு டெஸ்ட்டை..."

"சிவப்புப் பேனா" என்றது குரல்.

"ஆமா."

"இருங்க, வண்டிய ஓரம் கட்டறேன்." இரைச்சல் நின்றது. "சொல்லுங்க. இப்ப என்னத்தை அடிக்கப் போறீங்க?"

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு..."

"மூணு வருஷம் கழிச்சா? எத்தனை மாசம்னு கேட்டீங்கல்ல, அஞ்சு மாசம். அஞ்சு மாசம் நான் எந்த ஆஸ்பத்திரிப் பக்கமும் போகல. கட்டி கல்லு மாதிரி ஆகற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. எங்க போனாலும் அதே மாதிரி சிரிப்பாங்கன்னு நெனச்சேன். அப்பறம் ஒண்ணை எடுத்தாங்க. மருந்து ஏத்தினாங்க. ஒரு வருஷம் ஸ்டியரிங்கைத் தொடல. அந்த அஞ்சு மாசத்தை யாருங்க எனக்குத் திருப்பிக் குடுப்பா?"

அக்கா அழுதார். பதினெட்டு வருஷம் சன்னலில் ஊரையே அதட்டியவர், மேசையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். "தப்புங்க. என் தப்புதான். மன்னிக்கக்கூட வேண்டாம், நீங்க இருக்கீங்களான்னு தெரிஞ்சா போதும்னுதான் போன் பண்ணேன்."

"இருக்கேன், இருக்கேன். இப்ப நல்லா இருக்கேன்." குரல் கொஞ்சம் இறங்கியது. "திடீர்னு இப்ப எதுக்கு ஞாபகம் வந்துது?"

"எனக்கு நாளைக்கு ஆபரேஷன். எனக்கும் கேன்சர்தான். எனக்கு எழுதினது ஆம்பளைங்களுக்குப் பாக்கிற டெஸ்ட்டு. அதுலதான் தெரிஞ்சுது. ஆறு வாரம் லேட்டா."

"ஏன் லேட்டு?"

"அடிச்சுட்டாங்க."

"யாரு?"

"நான்தான்."

இணைப்பு போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன். அப்புறம் அவர் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வாய்விட்டு, பிறகு அடக்க முடியாமல் இருமிக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு வரிசையில் நின்ற இருபது பேரும் சிரித்த கடனை ஒரே ஆளாகத் தீர்த்தார். அக்கா கண்ணீரோடு கேட்டுக்கொண்டு நின்றார். நடுவில் அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

"அம்மா" என்றார் லாரிக்காரர் கடைசியில். "போயிட்டு வாங்க. முடிஞ்சதும் இதே நம்பருக்கு ஒரு போன் போடுங்க. நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்கும் தெரியணும்."

மறுநாள் ஆபரேஷன் நாலு மணி நேரம் நடந்தது. அக்கா கண் விழித்தபோது உடம்பில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், உதடு காய்ந்திருந்தது. அவர் கணவர் குனிந்து, "நான் இங்கதான் இருக்கேன்" என்றார்.

"நீங்க இருப்பீங்கன்னு தெரியும்" என்றார் அக்கா, நாக்குக் குழற. "போன் எங்க?"